ஏறிய இடம்

என் மச்சினனுக்கு நான் தர வேண்டியது இருநூற்று ஐம்பத்தேழு ரூபாய். வண்டிக்கூலி இருநூற்று முப்பத்தாறு. வண்டியைக் காக்கவைத்ததற்கு இருபத்தொன்று. காக்கவைத்தது என் கால் என்பதால் அந்த இருபத்தொன்றும் என் பேரில்தான் என்று, நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

மச்சினன் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. எதற்கும் போனில் மேப் பார்ப்பதால் மேப்பு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நாங்கள் போன நகரத்தில் எட்டு மாதம் பைக்கில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அந்த எட்டு மாதத்தை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாகப் பேசுகிறான். கெட்டவன் இல்லை. எனக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் போனது என் வழக்குக்கு. நான் மூட்டை தூக்குகிறவன். இருபத்தாறு வருஷம். கட்டடத்தில் சிமெண்டு மூட்டையை மேலே ஏற்றுகிற இரும்புத் தட்டு, சங்கிலி அறுந்து என் வலது கால் மேல் இறங்கியது. இரண்டு விரல் போனது. குதிகால் எலும்பு நாலாக உடைந்து, இப்போது ஆணி போட்டு நிற்கிறது, ஆறாத புண்ணுக்குத் துணிக்கட்டும் உண்டு. காண்ட்ராக்டர் முதலில் தொண்ணூறாயிரம் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று வக்கீலம்மா சொன்னதால் நாலு லட்சத்து இருபதாயிரம் கேட்டு வழக்குப் போட்டோம். இரண்டரை வருஷம் இழுத்து, அன்றைக்குத்தான் கடைசி விசாரணை. பதினோரு மணிக்கு.

அந்தப் பணத்துக்கு நான் வேலை வைத்திருந்தேன். பழைய பேப்பர் கடை ஒன்று கைமாறுகிறது. தராசும் கல்லும் இடமும் சேர்த்து ஒன்றரை லட்சம். உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. ஒரு கட்டைக் கையில் வாங்கினால் எத்தனை கிலோ என்று தராசு இல்லாமலே சொல்லுவேன். உடம்புக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான். மாசக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டில், தடி ஊன்றியும் நூறு அடிக்கு மேல் தொடர்ந்து நடக்க இயலாதவர் என்று எழுதியிருந்தது. பொய் இல்லை. நூறு அடி நடந்தால் வலி முட்டிக்கு வரும். இருநூறு அடியில் இடுப்புக்கு வரும். அதற்கு மேல் நடந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"ஸ்டேஷன் வாசல்லயே வண்டி ஏறிடுங்க. பில்லை மட்டும் பத்திரமா வெச்சிருங்க, போக்குவரத்துச் செலவு எதிர்க்கட்சி தலையில. அந்தக் கால வெச்சுக்கிட்டு பஸ்ல எல்லாம் ஏறி எறங்காதீங்க" என்று வக்கீலம்மா போனில் சொல்லியிருந்தார். என் பெண்டாட்டி வேறு மாதிரி சொன்னாள். ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை நாலாக மடித்து என் சட்டை உள்பையில் திணித்தாள்.

"அவன் பேச்சக் கேட்டு நடக்காதீங்க. மிச்சம் புடிக்கிறேன்னு உயிர எடுப்பான். என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

ரயில் எட்டே முக்காலுக்கு நின்றது. வாசலுக்கு வெளியே வந்ததும் மேப்பு போனை எடுத்தான். இரண்டு வாடகைவண்டிக் கம்பெனியில் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"நானூத்திப் பன்னெண்டு மாமா. இன்னொருத்தன் நானூத்தி நாப்பது. பகல் கொள்ளை."

"பரவால்ல, போடு."

"போடுறதா? இங்கேர்ந்து ஒம்பது கிலோமீட்டர் மாமா. இருநூறு ரூபாய்க்கு மேல பொறாது. ரயில் வந்து நின்ன நேரம், முந்நூறு பேர் ஒரே சமயத்துல போனத் தட்டுறான். வண்டி இருக்கிறது நாப்பது. அவன் விடுவானா? கூட்டம் எம்புட்டு இருக்கோ அம்புட்டு ஏத்துவான்."

"கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா கூட்டம் கலைஞ்சிடும்ல?"

"பத்து நிமிஷத்துல அடுத்த ரயில். அதுக்கப்புறம் ஆபீஸ் போறவன் கூட்டம். பத்தரை வரைக்கும் எறங்காது. அது போக, ஸ்டேஷனுக்கு உள்ள வண்டி வந்தா நாப்பது ரூபா வாசக்காசு. அதையும் நம்ம தலையிலதான் கட்டுவான். கூட்டத்த விட்டு வெளிய போயிட்டா தானா எறங்கிடும் மாமா. சும்மா அந்தப் பாலத்தத் தாண்டினாப் போதும்."

எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் தொழிலில் எடைக்குக் கூலி, மாடிக்குக் கூலி. ஒரே மூட்டை, ஒரே மாடி என்றால் காலையிலும் அதே காசு, சாயங்காலமும் அதே காசு. கூட்டம் கூடினால் ஒன்று நடக்கும், வாசலில் நாலு ஆள் கூடுதலாக நின்றால் எங்கள் கூலி இறங்கிவிடும். இங்கே ஆள் கூடினால் வண்டிக்காரன் கூலி ஏறுகிறது என்கிறான். அப்படி ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இருபத்தாறு வருஷம் தப்பான வாசலில் நின்றிருக்கிறேன்.

சட்டைக்குள் ஐநூறு ரூபாய் இருந்தது. அதை எடுத்து, இந்தா, போடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு என்றால் சிமெண்டு மூட்டை தூக்குகிற கூலிக் கணக்கில் ஐம்பது மூட்டைக்கு மேல் வரும். ஐம்பது மூட்டையை ஒன்பது கிலோமீட்டருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அவன் மேல் மட்டும் பழி போடக் கூடாது. ஆசை எனக்கும் இருந்தது.

"எவ்ளோ தூரம்?"

"இதோ, கண்ணு முன்னாடி தெரியுது பாருங்க, அந்தப் பாலம்."

கண் முன்னாடி தெரிந்தது நடைமேம்பாலம். ஏற அறுபத்திரண்டு படி. படியை எண்ணாமல் ஏறத் தெரியாது எனக்கு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். இதை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். தடி ஒரு கையில். பை என் தோளில். வழக்குக் காகிதம், தண்ணீர், சாப்பாட்டு டப்பா இரண்டு. போனைப் பிடிக்க மேப்புக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் தட்டிப் பார்த்தான்.

"முந்நூத்தி எழுபத்தொண்ணு! பாத்தீங்களா? நாப்பத்தோரு ரூபா சுளையா எறங்கிடுச்சு!"

"சரி, போடு."

"இருங்க மாமா. எறங்குற வெலையப் புடிச்சு நிறுத்துறது மடத்தனம்."

அவன் முன்னால் ஓடுவான். இருநூறு அடி தள்ளி நின்று தட்டிப் பார்ப்பான். அங்கிருந்து கத்துவான். ஏலக்கடையில் கத்துகிற மாதிரி, "முந்நூத்தி நாப்பது! முந்நூத்தி நாப்பது!" கடை திறந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் தடியை ஊன்றிக்கொண்டு அந்த விலையை நோக்கி நடப்பேன். நான் போய்ச் சேரும்போது அவன் அடுத்த விலைக்குப் போயிருப்பான்.

ஒரு இடத்தில் முந்நூற்றுப் பத்துக்கு ஒருவன் ஒத்துக்கொண்டான். போனில் அந்த வண்டி எறும்பு மாதிரித் தெரிந்தது. ஆனால் நகரவில்லை. வண்டிக்காரன் கூப்பிட்டான்.

"எங்க போகணும்? காசா, போன்லயா?"

"போன்ல."

அதோடு வைத்துவிட்டான். எறும்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"வரமாட்டான் மாமா. கையில காசு வேணும் அவனுக்கு."

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

"நாம சொன்னா நமக்கு அபராதம். அவன் சொன்னா அவனுக்கு அபராதம். யாரு மொதல்ல வேணாங்குறதுன்னுதான் போட்டி. அவனே சொல்லட்டும். எனக்கு என்ன அவசரம்?"

எட்டு நிமிஷம் வெயிலில் நின்றோம். அவன் எங்கேயோ வண்டிக்குள் ஏசியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அவசரம் இல்லை. கடைசியில் அவன்தான் வேணாம் என்றான். மேப்பு கையைத் தூக்கிக் குதித்தான்.

"ஜெயிச்சுட்டோம் மாமா!"

அதற்குப் பிறகு ரோட்டைத் தாண்டவைத்தான். நாங்கள் நிற்கும் பக்கத்தில் ஏறினால் வண்டி ஒன்றரை கிலோமீட்டர் போய்ச் சுற்றித் திரும்பி வர வேண்டுமாம், அந்தச் சுற்றுக்கும் காசாம். எதிர்ப்பக்கம் போய் நின்றால் அது மிச்சமாம். ஆறு வரிசையாக வண்டி போகிற ரோடு. பாதியில் விளக்கு மாறிவிட்டது. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏய் கெழவா, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றான். எனக்கு ஐம்பத்தொன்று.

நடுவில் உட்கார இடம் இருந்தது. பஸ் நிழற்குடை ஒன்று, பேங்கு வாசலில் திண்டு ஒன்று. நான் உட்காரவில்லை. மூட்டை தூக்குகிறவன் பாதி வழியில் நிற்க மாட்டான். இறக்கிவைத்தால் திரும்பத் தலையில் ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் அவன் மூட்டை இருக்கும். அதனால் ஏற்றியது ஏற்றியதுதான், இறக்குகிற இடத்தில்தான் மூச்சு விடுவது. அந்தப் பழக்கம் கால் போனால் போய்விடுமா? இன்னொன்றும் உண்டு. அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தால் கால் எழுந்திருக்காது.

பெட்ரோல் பங்கு ஒன்றின் முன்னால், "இருநூத்தி முப்பத்தாறு!" என்று கத்தினான். அத்தோடு நிற்காமல் வண்டியைப் போட்டும்விட்டான். நான் எவ்வளவு பின்னால் இருக்கிறேன் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. மூன்று நிமிஷம் சும்மா நிற்பானாம், அதற்கு மேல் நிமிஷத்துக்கு மூன்று ரூபாய். நான் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆனது.

"வாங்க மாமா, வாங்க! மீட்டரு ஓடுது!" என்று அங்கிருந்து கையை ஆட்டினான். நான் ஓட முயற்சி பண்ணினேன். இருபத்தொரு ரூபாய்க்காக, ஆணி போட்ட காலை வைத்துக்கொண்டு ஓடினேன்.

வண்டிக்காரர் என் வயசுக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து நடந்து வரீங்க?"

"ஸ்டேஷன்லேர்ந்து அண்ணே" என்றான் மேப்பு. "அங்க நானூத்திப் பன்னெண்டு காட்டுச்சு. ஒண்ணேகால் கிலோமீட்டர் நடந்தோம், நூத்தி எழுபத்தாறு ரூபா மிச்சம். எப்படி?"

"அந்த நூத்தி எழுபத்தாறுல எனக்கும் கொஞ்சம் வந்திருக்கும் தம்பி" என்றார் வண்டிக்காரர். "எனக்கு முந்தின சவாரி ஸ்டேஷன் பக்கம்தான். காலியாதான் இங்க வந்தேன். அங்கயே ஏறியிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது." செருப்புக்குள் ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

நஷ்டஈட்டு அலுவலகம் மூன்றாவது மாடி. லிப்ட் இருந்தது. அறையில் நாலு பெஞ்சு, ஒரு மேசை, இரும்பு பீரோ, பீரோவுக்கு மேல் கட்டுக்கட்டாக எங்களைப் போன்றவர்களின் கை கால்கள், காகிதமாக. வக்கீலம்மா முன்பே வந்திருந்தார். சின்ன வயசு. என்னைப் பார்த்ததும் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆமா, இல்ல. அவ்ளோதான். சர்ட்டிபிகேட் பக்காவா இருக்கு. இன்னைக்கு முடிஞ்சிடும்."

மனசு லேசானது. பேப்பர் கடையின் தராசு கண்ணில் வந்து போனது.

குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். பயணச் செலவுப் படிவம். ரயில் டிக்கெட்டை நான் கொடுத்தேன். "உள்ளூர் வண்டிக்கு ரசீது இருந்தா குடுங்க" என்றார். வக்கீலம்மா எதிர்ப்பக்கத்து வக்கீலோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேப்பு போனை நீட்டிவிட்டான்.

"இருக்கு சார், இருக்கு. இருநூத்தி ஐம்பத்தேழு. என் போன்லதான் போட்டேன், அதனால காசு என் கைக்கு வரணும்."

குமாஸ்தா ரசீதைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லி இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று வழக்குக் கட்டோடு சேர்ந்தது. இன்னொன்று எதிர்ப்பக்கத்து வக்கீலுக்குப் போனது. காசு காண்ட்ராக்டருடையது என்பதால் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவருக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே ரசீதை வாங்கினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

விசாரணை தொடங்கியது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிர்ப்பக்கத்து வக்கீல் எழுந்து ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார்.

"உக்காந்தே பதில் சொல்லுங்க பெரியவரே. கால் வலிக்குமில்ல?"

"ஆமா சார்."

"எத்தனை வருஷம் மூட்டை தூக்கினீங்க?"

"இருபத்தாறு."

"அடேங்கப்பா. ஒரு நாளைக்கு எத்தனை?"

"இருநூறு. வேலை இருந்தா இருநூத்தி ஐம்பது."

"நடுவுல எறக்கிவெச்சு இளைப்பாறுவீங்களா?"

"அந்தப் பழக்கமே கிடையாது சார். எறக்கினா ஏத்த ஆள் வேணும்." சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த அறையில் என் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ரசீதைக் கையில் எடுத்தார்.

"ஸ்டேஷன்ல எட்டே முக்காலுக்கு எறங்கியிருக்கீங்க. இதுல ஏறிய இடம்னு ஒரு பெட்ரோல் பங்கு போட்டிருக்கு. எங்க வீடு அங்கதான், அதனால தெரியும். ஸ்டேஷன்லேர்ந்து அந்த பங்குக்கு எப்படி வந்தீங்க?"

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆமா, இல்ல என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார். இதற்கு ஆமாவும் பொருந்தவில்லை, இல்லையும் பொருந்தவில்லை.

"நடந்து சார்" என்றேன்.

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

பின்பெஞ்சிலிருந்து மேப்பு எழுந்துவிட்டான். விலை குறைத்த கதையை யாராவது கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தவன்.

"ஒண்ணேகால் கிலோமீட்டர் சார்! போன்லயே காட்டும். ஸ்டேஷன்ல நானூத்திப் பன்னெண்டு சார், நியாயமா? பாலத்த ஏறித் தாண்டி, ரோட்டைத் தாண்டி வந்தா இருநூத்தி முப்பத்தாறு. உங்களுக்குத்தான் சார் நூத்தி எழுபத்தாறு ரூபா மிச்சம் பண்ணியிருக்கோம்!"

அதிகாரி, "நீங்க யாரு? உக்காருங்க" என்றார். எதிர்ப்பக்கத்து வக்கீல் மட்டும், "ரொம்ப நன்றி தம்பி" என்றார். மேப்பு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"பாலத்துல எத்தனை படி பெரியவரே? எண்ணியிருப்பீங்களே."

"அறுபத்திரண்டு."

"பை யாரு தூக்கினது?"

"நான்தான்."

"வழியில எங்க உக்காந்தீங்க?"

இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது அது தோன்றவில்லை. மூட்டைக்காரனைப் பார்த்து எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்?

"எங்கயும் உக்காரல சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வக்கீலம்மா எழுந்தார். "அய்யா, ரசீதுல இன்னொண்ணும் இருக்கு. காத்திருப்பு பத்து நிமிஷம். வண்டி வந்தப்புறமும் அவரால வந்து சேர முடியல. அவரோட நிலைமைக்கு அதுவே சாட்சி."

"மெதுவா வந்தாருங்கிறதுக்கு அது சாட்சி" என்று எதிர்ப்பக்கத்து வக்கீல் உட்கார்ந்தபடியே சொன்னார். "வரலைங்கிறதுக்கு இல்லையே."

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். காட்டிவிடலாம் என்று பார்த்தேன். கட்டுத்துணி சிவப்பாக நனைந்து, குதிகால் பக்கம் பிய்ந்திருந்தது. கால் வீங்கிச் செருப்பின் வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரிந்தது.

"பாருங்க சார்" என்றேன்.

அதிகாரி பார்த்தார். "இவ்ளோ வலியோட எதுக்கு நடந்தீங்க? வாசல்லயே வண்டி கெடைக்கும்தானே? செலவும் உங்களோடது இல்லையே."

அந்த ஐநூறு ரூபாய் சட்டைக்குள் இருந்து நெஞ்சில் குத்தியது.

"செருப்பப் போடுங்க" என்றார். "தரையெல்லாம் ஆகுது."

அவர் எழுதுபவரைப் பார்த்துச் சொன்னதை நானும் கேட்டேன். சர்ட்டிபிகேட்டுக்கும் வாக்குமூலத்துக்கும் பொருந்தவில்லை, புதிதாக மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பரிசோதிக்க வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று வக்கீலம்மா கேட்டார். முன்னால் அறுநூறு பேர் இருக்கிறார்கள் என்றார் அதிகாரி. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம்.

தாழ்வாரத்தில் எதிர்ப்பக்கத்து வக்கீல் வந்தார். மூக்கைச் சிந்திவிட்டு, "என் கட்சிக்காரர் இரக்க மனசுக்காரர்" என்றார். "இன்னைக்கே முடிச்சுக்கிறதா இருந்தா ஐம்பதாயிரம். நாளைக்குக் கேட்டா இது கிடையாது."

"தொண்ணூறு சொன்னாங்களே" என்றேன்.

"அது நடக்க முடியாதவருக்குச் சொன்னது."

வக்கீலம்மா என்னைத் தனியாக அழைத்துப்போனார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "குழு முன்னாடி போனாலும் இந்த வாக்குமூலம் கூடவே வரும். நான் போராடுறேன். ஆனா ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். நீங்க முடிவு பண்ணுங்க" என்றார். என் மூத்த பெண்ணின் நகை அடகில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனுக்கு மாசாமாசம் வட்டி போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் ஐம்பதாயிரத்தை வட்டியே தின்றுவிடும்.

"வாங்கிக்கிறேன்மா" என்றேன்.

மேப்பு நடுவில் வந்தான். அவனுக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டிருந்தது. புரியாமல் இருக்க முயற்சி பண்ணிக்கொண்டும் இருந்தான்.

"ஐம்பதுன்னா கொறச்சல் இல்ல மாமா. கடை போனாப் போகுது. நடக்கத்தான் முடியுதே உங்களால. சின்னச் சின்ன மூட்டையாப் பாத்துத் தூக்கினா ஆச்சு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

ஒப்பந்தக் காகிதத்தைக் குமாஸ்தா நீட்டினார். மை டப்பாவையும் பக்கத்தில் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுவேன்" என்றேன்.

கால் போகும்வரை கட்டைவிரல்தான். காலைக் கட்டிப்போட்டுப் படுத்திருந்த நாளில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கட்டைவிரல் வைக்கிற காலத்தில் காகிதத்தில் என்ன இருந்தாலும் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'மனுதாரர் பிறர் உதவியின்றி நடக்கும் திறன் உடையவர் என்பதை ஒப்புக்கொள்கிறார். இதன் பேரில் இனி எக்காலத்திலும் உரிமை கோர மாட்டார்.' எல்லாரும் காத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்து வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் அதற்குக் கீழே என் பேரை எழுதினேன்.

காசோலை பத்து நாளில் வரும் என்றார்கள். போக்குவரத்துச் செலவு மட்டும் அப்போதே கையில். குமாஸ்தா ரசீதை எடுத்து மேசைமேல் வைத்து, காத்திருப்பு என்று இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இது தரமாட்டாங்க. வண்டியக் காக்க வெச்சது உங்க தப்பு. கூலி மட்டும்தான்."

எதிர்ப்பக்கத்து வக்கீல் பர்ஸைத் திறந்து இருநூற்று முப்பத்தாறை எண்ணினார். ஒற்றை ரூபாய்க்குக் கால்சட்டைப் பையில் துழாவினார். ரயில் டிக்கெட்டுக்கும் சேர்த்து வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ரசீது சுத்தமா இருக்கிறதால சுலபமா முடிஞ்சிடுச்சு" என்று குமாஸ்தா பாராட்டினார்.

வாசலுக்கு வந்ததும் இருநூற்று முப்பத்தாறை மேப்பு கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தான். எச்சில் தொட்டு இன்னொரு தடவை எண்ணினான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என் பின்னால் தரையில் ஈரத் தடம் வந்துகொண்டிருந்தது. அதை அவன் பார்த்தான், உடனே தெருவைப் பார்த்தான்.

"இன்னும் இருபத்தொண்ணு" என்றேன்.

"அட, விடுங்க மாமா" என்றான். "அக்கா புருஷன்கிட்ட இருபத்தொரு ரூபாய்க்குக் கணக்குப் பாப்பனா நான்? அத நான் விட்டுட்டேன்."

விட்டுவிட்டான். அதோடு எனக்கும் அவனுக்கும் பாக்கி எதுவும் இல்லை.